பொய் ஈ

பக்கவாதம் வந்தபிறகு மரியஅருள் ஒரு சொல்கூடப் பேசவில்லை. அவருக்குப் பிடித்த இடங்களுக்குக் கூட்டிப் போகச் சொன்னார் மருத்துவர். அதனால் அவர் மனைவி ஸ்டெல்லா சக்கர நாற்காலியை மலையோடைக் கரைவரை தள்ளிக்கொண்டு வந்தாள். ட்ரௌட் மீனை ஏமாற்ற, தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி அவர் கட்டிய பொய் ஈக்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. அவளோ தூண்டிலைத் தொட்டதே இல்லை.

"எதைங்க மாட்டறது?"

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நீர்மேல் பழுப்புநிறச் சிறு பூச்சிகள் பறந்தன. அவள் அவற்றைக் கவனிக்கவில்லை. டப்பாவில் பளிச்சென்று தெரிந்த பெரிய சிவப்பு ஈயை எடுத்தாள்.

"இது அழகா இருக்கு. மீனுக்கும் பிடிக்கும்."

அதைத் தூண்டில் நரம்பில் கட்டக் குனிந்தபோது பின்னால் நாற்காலியைத் தட்டும் சத்தம் கேட்டது. திரும்பினாள். அவர் முகம் சிவந்திருந்தது.

"வே... ணாம்."

கோணிய வாயிலிருந்து எரிச்சலோடுதான் வந்தது. ஸ்டெல்லா அவர் பக்கத்தில் ஓடி வந்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"வேணாம்!"

அவர் கண்கள் டப்பாவின் ஓரத்தில் கிடந்த சின்னப் பழுப்பு ஈயைக் காட்டின. அவளுக்கும் இப்போது புரிந்தது. சால்வை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இருப்பதிலேயே பெரிதான நீல ஈயை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அப்ப இதைப் போடட்டுமாங்க?"