மருமகளிடமே மருமகள் புராணம்

"எனக்குன்னு வாய்ச்சா பாரு ஒரு மருமவ. அவளப் பத்தி யாராண்ட சொல்லி அழறதுன்னே தெரியல" என்று ஆரம்பித்தாள் ரத்னம்மா.

யாரிடமோ இல்லை. அந்த மருமகளிடமேதான்.

செல்போனில் ரெக்கார்டிங்கை ஆன் செய்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்த சுமித்ராவுக்குக் காது சுட்டது. பதிலுக்கு ஒரு வார்த்தை பேச முடியாது. பேசினால் ஃபெயில்.

சுமித்ரா திருப்பதியில் கவுன்சலிங் எம்.எஸ்சி. படிக்கிறாள். யாரையாவது மனம் விட்டுப் பேச வைத்து, அவர் சம்மதத்தோடு அதைப் பதிவு செய்து வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டும். நிஜ கவுன்சலிங் இல்லை, காது கொடுத்துக் கேட்டுப் பழகத்தான். அதனால் வீட்டு ஆளாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் புத்தி சொல்லக் கூடாது, சொந்தக் கதை பேசக் கூடாது, எதிர்த்துப் பேசக் கூடவே கூடாது.

முதலில் பக்கத்து வீட்டுச் சென்னம்மா வந்தாள். தூக்கம் வரவில்லை என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், பால் குடி, காலில் எண்ணெய் தடவு, கட்டிலைத் திருப்பிப் போடு என்று சுமித்ரா அடுக்கிவிட்டாள்.

"நுவ்வு கவுன்சலரா, மெடிக்கல் ஷாப்பாம்மா? அட்வைஸ் வத்து, வத்து, வத்து" என்று, வேண்டவே வேண்டாம் என்பதைத் தெலுங்கில் சொல்லி மேசையைத் தட்டினார் வகுப்பெடுக்கும் காஞ்சனா மேடம்.

அடுத்து கொழுந்தன் கிரண்குமார். காதலி போனை எடுப்பதில்லை என்றான். சுமித்ரா உருகிப்போய்த் தன் காலேஜ் கதையை எடுத்துவிட, கடைசியில் அவன்தான் அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான்.

இது கடைசி வாய்ப்பு. இதையும் கோட்டைவிட்டால் சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்ப மாட்டார்கள். படிப்பு அப்படியே நின்றுவிடும். குடியிருக்கும் நாகலாபுரத்தில் தெரிந்தவர்களை எல்லாம் கெஞ்சிப் பார்த்தாள். நம்ம வூட்டு சங்கதிய திருப்பதி பூரா கேக்கணுமா என்று ஆளாளுக்கு நழுவினார்கள்.

அப்போதுதான் மாமியார் தானாக வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சொல்வதற்கு நிறைய கீது என்றாள்.

நிறையத்தான் இருந்தது. மருமகள் வெயில் முதுகில் அடிக்கிற வரைக்கும் தூங்குவாளாம். சோறு ஆக்கச் சொன்னால் கரி ஆக்குவாளாம். மாடு கறக்கத் தெரியாதாம், மாடே பரிதாபப்பட்டு நிற்குமாம். இந்த வீட்டில் மாடே கிடையாது. எங்கே மாடு என்று கேட்கலாமா? குறுக்குக் கேள்வியும் கூடாது.

"நைனா வூட்லருந்து இன்னா கொண்டாந்தா? வாயத்தான் கொண்டாந்தா" என்றாள் ரத்னம்மா.

சுமித்ரா பல்லைக் கடித்துக்கொண்டு, பாடத்தில் இருந்தபடியே சொன்னாள். "அது உங்களுக்கு ரொம்ப வேதனையா இருக்குது..."

"வேதனையா? வயிறு எரியுது."

"வயிறு எரியற அளவுக்கு..."

"ஆமா. அவ மூஞ்சியப் பாத்தாலே எரியுது."

அந்த மூஞ்சி ஒரு முழம் தள்ளி, அசையாமல் இருந்தது.

சூளூர்பேட்டையில் ஷிப்ட் முடித்து வந்த கணவன் வேணு, அம்மாவின் குரலை வாசலிலேயே கேட்டான். கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டான்.

வகுப்பில் ரெக்கார்டிங் ஓடி முடிந்தது. இந்தம்மா யார் என்று மேடம் கேட்டார். என் மாமியார் என்றாள் சுமித்ரா.

"அப்போ அந்த மருமகள்?"

"நான்தான் மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படிக் கேட்கத் தெரிந்தவளைத்தான் சித்தூருக்கு அனுப்ப வேண்டும் என்றார். பிறகு தனியே கூப்பிட்டு, அந்தம்மா மற்ற பிள்ளைகளுக்கும் வந்து உட்காருவார்களா என்று கேட்டுப் பார்த்தார்.

பாஸானவள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே ஊர் வந்து சேர்ந்தாள்.

"இன்னா, பாஸா?" என்று கேட்டாள் ரத்னம்மா.

"பாஸ் அத்தை." இனி எந்த விதியும் இல்லை, சுமித்ரா கேட்டேவிட்டாள். "என் மேல இவ்ளோ வெறுப்ப வச்சிக்கினுதானா தெனம் சிரிச்சிக்கினு இருந்தீங்க?"

"உன் மேலயா?" ரத்னம்மா முழித்தாள். "ஃபெயிலாயிடுவேன்னு அழுதுக்கினு இருந்தியேன்னு, உன்னப் பத்தி நாலு குறை சொல்லலாம்னு யோசிச்சேன், ஒண்ணும் ஆப்புடல. அதான் எங்க மாமியார் என்னப் பத்திச் சொன்னதெல்லாம் எடுத்து வுட்டேன். இன்னும் பாதி மிச்சம் கீது, மேல படிக்கறதுன்னா சொல்லு."