மினுக்கினால் நட்சத்திரம்

முதலில் வம்புக்கு இழுத்தது கிருஷ்ணன்தான். அதைக் கோதண்டபாணி இன்றுவரை மறக்கவில்லை.

திருத்தணி மலைப்படி அடிவாரத்தில் கோதண்டபாணிக்குத் தேங்காய், பழத் தட்டுக் கடை. பக்கத்தில் மனைவியின் தம்பி கிருஷ்ணனுக்கு டீக்கடை. பொழுது சாய்ந்த நேரம், மேற்கே பளிச்சென்று ஒன்று தெரிந்தது.

"எம்மாம் பெரிய நட்சத்திரம் பாரு!" என்றார் கோதண்டபாணி.

"அது நட்சத்திரம் இல்ல பாவா. கிரகம். சுக்கிரன்."

டீ குடித்துக்கொண்டிருந்த ஏழு பேர் எதிரில் சொன்னான். ஏழு பேர்! எண்ணி வைத்திருக்கிறார்.

"டேய், தினம் நவக்கிரகத்தைச் சுத்துறவன் நான். எனக்கே கிரகமா? சூரியன் கிரகம், சந்திரன் கிரகம்..."

"அந்த ஒன்பதுல சுக்கிரனும் கீறாரே பாவா?"

"அவரு கோயில்ல கீறாரு. இது வானத்துல கீது. அது வேற, இது வேற!"

பேச்சு முற்றிப் பந்தயமாகிவிட்டது. தோற்றவனுக்கு மலைமேல் மொட்டை. கோதண்டபாணிக்கு அறுபத்தெட்டு வயதிலும் நெற்றியில் சுருண்டு விழும் முடி. கிருஷ்ணனுக்கோ அடுத்த வெள்ளிக்கிழமை அறுபதாம் கல்யாணம், போட்டோக்காரருக்குச் சொல்லியாகிவிட்டது.

டீ வாங்க வந்த மார்கரெட்டம்மாவிடம் நியாயம் கேட்டார்கள். அவர் ரிட்டையரான சயின்ஸ் டீச்சர்.

"சொந்த வெளிச்சம் இருந்தா நட்சத்திரம். சூரியனும் நட்சத்திரம்தான். அதைச் சுத்தி வந்து, அதோட வெளிச்சத்துல தெரிஞ்சா கிரகம். கிரகத்தைச் சுத்தி வந்தா நிலா."

"அப்ப பாவாதான் நிலா. எந்நேரமும் என் கடையைச் சுத்திகினே கீறாரு, ஓசி டீக்கு" என்றான் கிருஷ்ணன்.

ஏழு பேரும் சிரித்தார்கள். அதுவும் கணக்கில் ஏறியது.

"இது எதுன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

"சுலபம் அண்ணே. மினுக்கினா நட்சத்திரம். மினுக்காம நின்னா கிரகம்."

கோதண்டபாணி அண்ணாந்து பார்த்தார்.

"மினுக்குதே! சுத்தியும் கம்பி கம்பியா வெளிச்சம் அடிக்குது. தெரு லைட்டே மினுக்குது, இது மினுக்காதா?"

கிருஷ்ணன் சிரிக்க வாயைத் திறந்தான். தெருவிளக்கைப் பார்த்தான். பாவாவைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

"ஆங்... மினுக்குது பாவா. தோத்துட்டேன்."

மார்கரெட்டம்மா ஏதோ சொல்ல வந்தார். கிருஷ்ணன் கண் ஜாடை காட்டியதும் டீயை ஊதிக் குடிக்க ஆரம்பித்தார்.

மறுநாளே மொட்டை. மணிவிழாப் படத்தில் கிருஷ்ணன் மாலை போட்ட சுரைக்காய் மாதிரி இருந்தான். கோதண்டபாணி அதில் ஒரு படம் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டுத் தன் கடையில் மாட்டினார்.

அடுத்த வாரம் கிருஷ்ணன் வந்து நின்றான்.

"பாவா, அது மினுக்கினது எனக்குத் தெரியவே இல்ல. கண்ணுல கோளாறு போல. இலவச கண் முகாம் போட்டுகீறாங்க. துணைக்கு வாங்களேன்."

"வரேன், வரேன். கண்ணு தெரியாதவனுக்குக் கிரகம் ஒரு கேடு!"

முகாமில் கிருஷ்ணனின் கண்ணை டாக்டர் பார்த்து, "ஒண்ணும் இல்ல, போங்க" என்றார். துணைக்கு வந்தவர் கண்ணையும் பார்த்து, "உங்களுக்குப் புரை முத்திடுச்சு. உடனே ஆபரேஷன்" என்றார்.

ஒரு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேற்கே பார்த்தார் கோதண்டபாணி.

அது மினுக்கவில்லை. சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது. தெருவிளக்கும் மினுக்கவில்லை.

மெல்லத் திரும்பினார். டீ ஆற்றிக்கொண்டிருந்த தலையில் முடி இப்போதுதான் முள் முள்ளாக முளைத்திருந்தது.

"கிருஷ்ணா... அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

"இன்னா பண்றது பாவா? உங்க கண்ணு சரியில்லன்னு நாலு பேர் எதிர்ல சொல்லியிருந்தா, என்கூடப் பேசவும் மாட்டீங்க, டாக்டர்கிட்ட வரவும் மாட்டீங்க."

கோதண்டபாணி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கடைத்தெருவே கேட்கும்படி கத்தினார்:

"பொய் சொல்லி ஜெயிக்க வெச்சு, ஒரு மாசமா என்னை முட்டாளாக்கிட்டியேடா! மரியாதையா மன்னிப்புக் கேளு!"

கிருஷ்ணன் இன்னும் கேட்கவில்லை.