முட்டை அக்காவின் குழாய்

முட்டை உடைத்துக் காசநோய்க் கிருமிக்குத் தீனி தயாரிப்பதால், ஆய்வகத்தில் அவளுக்கு முட்டை அக்கா என்றே பெயர். பல வாரமாக அவள் கணவரின் சளியும் அந்தப் பச்சைத் தீனி நிரப்பிய ஒரு குழாயில் இருந்தது. கிருமி வளர்கிறதா என்று தினமும் எட்டிப் பார்த்துவிட்டு முகம் தொங்கத் திரும்புவாள். பயம்தான், பாவம் என்று நினைத்துக்கொள்வாள் கூட வேலை செய்யும் தோழி.

இன்று தோழிதான் முதலில் பார்த்தாள். பச்சையின் மேல் ரொட்டித்தூள் தூவியதுபோல் வளர்ந்திருந்தது. ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பிலும் பார்த்தாள். சந்தேகமே இல்லை.

அக்காவை அழைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்; தண்ணீர் எடுத்து வைத்தாள்.

"அக்கா, மனசைத் திடப்படுத்திக்கோங்க. உங்க வீட்டுக்காரர் குழாய்ல... வளர்ந்திருக்கு."

"நெஜமாவா? காசநோய்க் கிருமிதானா?"

"ஆமாக்கா."

அக்கா பொலபொலவென்று அழுதாள்.

"அழாதீங்கக்கா..."

"போடி, சந்தோஷத்துல அழறேன்!" என்று போனை எடுத்தாள். "ஏங்க, காசநோய்தாங்க! ஒண்ணு இதா இருக்கணும், இல்லேன்னா புத்துநோயா இருக்கணும்னு டாக்டர் சொன்னாரே, இதுதாங்க! மாத்திரையிலயே சரியாயிடும்!"

பிறகு குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"என் முட்டையைத் தின்னுக்கிட்டே இத்தனை நாள் மூச்சுக் காட்டாம இருந்தியேடா, கடங்காரா!"