சரிந்த கூரை

ஷோரூமில் மகளைத் தூக்கிப் புது வண்டியின் முன் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, அவளுடைய சக்கர நாற்காலியை மடக்கிப் பின்னால் வைத்தார் அப்பா. கதவு மூடவில்லை. திருப்பி வைத்தார். சரிந்து இறங்கிய கூரை இடித்தது.

"காத்தைக் கிழிச்சுட்டுப் போகணும்னு இப்போ எல்லாமே சின்னதா, சரிவாத்தான் சார் வருது," என்றார் விற்பனையாளர். "பெட்டி மாதிரி பழைய மாடல் ஒண்ணு இருக்கு, காட்டட்டுமா?"

"எனக்கு இதுதான் வேணும்ப்பா," என்றாள் மகள். விபத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள்.

விற்பனையாளருக்கே மனசு கேட்கவில்லை. "எவனோ ஏசி ரூம்ல உட்கார்ந்து வரைஞ்சிருக்கான் சார்!"

"எவனோ இல்ல," மகள் பெருமையாகச் சொன்னாள். "எங்கப்பா!"

அப்பா நாற்காலியை இன்னொரு முறை திருப்பி வைத்துப் பார்த்தார். அடுத்த மாடலின் கூரையை இன்னும் தாழ்த்தி வரைந்து கொடுத்தாகிவிட்டது.