மூன்றடி வாசல்

மூன்று சுவர் எழுந்து நின்ற அறைக்குள், நான்காவதைக் கட்ட எந்திரம் உருண்டு போனது.

வராந்தா குறுகல், உள்ளே நின்றுதான் கட்ட வேண்டும். மேலே கான்கிரீட் கூரை போட்டாகிவிட்டது.

முதலாளி, பணம் போட வந்த மூவரோடு வராந்தாவில் நின்றார். விலை படியுமா என்று பார்க்கும் முகம் எல்லோருக்கும்.

சாயங்காலத்துக்குள் சுவர் எழும்பினால் மேஸ்திரியும் அவருடைய ஐந்து ஆட்களும் நாளை முதல் வர வேண்டாம். அதுவரை எந்திரத்துக்குக் கல்லும் கலவையும் எடுத்துக் கொடுக்க வேண்டும். தங்கள் வழியனுப்பு விழாவுக்குத் தாங்களே பந்தல் போடுவது.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "சார், ஒரு விஷயம்..."

"அது பேசாது மேஸ்திரி. அதுக்காகத்தான் வாங்கினோம்," என்றார் இன்ஜினியர். வந்தவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரி கல் எடுத்துக் கொடுக்கத் திரும்பினார்.

வரைபடத்தில் உள்ளபடி முழுச் சுவருமா என்று எந்திரத்தை இயக்கும் பெண் இரண்டு முறை கேட்டாள். ஒரு கல் குறையக் கூடாது என்று இரண்டு முறையும் இன்ஜினியரிடமிருந்து பதில் வந்தது.

எந்திரம் கட்டியது. குறை சொல்ல முடியாது. நூல் பிடிக்காமலே நூல் பிடித்த வரிசை. கேமராக் கண்ணில் கலவை தெறித்து இரண்டு முறை நின்றது. சித்தாள் துடைத்துவிட்டதும் கிளம்பியது. டீ கேட்கவில்லை.

நாலரைக்குக் கடைசிக் கல். கைதட்டல்.

அடுத்த அறைக்குப் போக எந்திரம் திரும்பியது.

புதுச் சுவரில் விட்ட வாசல் மூன்றடி. எந்திரம் மூன்றேமுக்கால்.

முன்னால் வந்தது, பின்னால் போனது, ஒருமுறை கூவிவிட்டு நின்றது. வாங்கிய கட்டில் வீட்டுக்குள் நுழையாத மாப்பிள்ளை போல இன்ஜினியர் அதையும் வாசலையும் மாறி மாறி அளந்தார்.

"மேஸ்திரி... சுவரைக் கொஞ்சம் உடைங்க."

மேஸ்திரி சாந்துச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். வாங்க வந்தவனுக்கு அவசரம் என்று தெரிந்துகொண்ட கடைக்காரர் அப்படித்தான் உட்காருவார்.

"உடைச்சிடலாம் சார். வெளிய வர வழி விட்டுக் கட்டிட்டு, கடைசியா அதை மூடுறதுதான் எங்க பழக்கம். காலையில அதைச் சும்மாவே சொல்லியிருப்பேன். இப்ப, கட்டடம் முடியிற வரைக்கும் ஆறு பேருக்கும் வேலைன்னு முதலாளி எழுதித் தரட்டும்."

முதலாளி வந்தவர்களின் முகத்தைப் பார்த்தார். வரைபடத்தின் முதுகிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆறு மணிக்கு மேஸ்திரி ஸ்கூட்டரைக் கிளப்பினார். பகல் முழுக்க அவரை ஏறெடுத்தும் பார்க்காத எந்திரக்காரி பின்னால் ஏறி, வழக்கம்போல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஆறு வருடம் அவருக்குக் கல் எடுத்துக் கொடுத்துவிட்டு, அப்புறம் பயிற்சிக்குப் போனவள். ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். இன்ஜினியர் யாரையும் எதுவும் விசாரித்ததில்லை.

"ரெண்டு தடவை கேட்டேங்க," என்றாள் அவர் காதருகே. "மூணாவது தடவை கேட்டிருந்தா அந்த ஆளு யோசிச்சிருப்பாரு. அதான் கேக்கலை."