லூப் அட்டை

ஹாலிஎல ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து கிளினிக்கின் தகரக் கூரையில் மழை விடாமல் கொட்டுகிறது. கட்டிலைவிட்டு இறங்கிய புஷ்பகாந்தி தட்டில் கிடக்கும் கருத்தடை லூப்பைப் பார்க்கிறாள். செப்புக் கம்பி சுற்றிய அது ஒரு தீக்குச்சி நீளம்கூட இல்லை. "பத்து வருசம் தாங்குறத மூணே வருசத்துல கழட்டிட்டீங்களே, புருசன் நச்சரிக்கிறாராக்கும்?" என்று புதிதாக வந்த மருத்துவிச்சி சிரிக்கிறாள். "பிள்ளைங்க ரெண்டும் மண்சரிவுல போயிருச்சுங்க, மிஸி." சிரிப்பு நின்றுபோகிறது. மாமியாருக்குத் தெரியாமல் மலைக்குக் கொண்டுபோகும் கொழுந்துப் பைக்குள் ஒளித்து வைத்ததால், லூப் போட்டபோது கிளினிக்கில் கொடுத்த அட்டை தப்பியிருக்கிறது. பிள்ளைகளின் படம்கூட லயத்து வீட்டோடு புதைந்துவிட்டது. அட்டையில் 'உயிருடன் உள்ள பிள்ளைகள்: 2' என்ற வரிக்கு மருத்துவிச்சியின் பேனா தயங்கித் தயங்கி வருகிறது. தேயிலைக் கறை ஏறிய உள்ளங்கையைப் புஷ்பகாந்தி அந்த எண்ணின்மேல் பொத்தி வைக்கிறாள். "அடிச்சிராதீங்க. இன்னொண்ணு பொறந்தா மூணுன்னு எழுதுங்க, மிஸி."