ஜன்னலோரத்துப் போன்

மேகலா வீட்டில் சிக்னல் கிடைப்பது ஜன்னலோரத்தில் மட்டும்தான். விரிசல் விட்ட பழைய போனோடு அங்கே போய், கம்பியில் முகத்தைப் பதித்து, "கேக்குதா? கேக்குதா?" என்று கத்திக் கத்தித்தான் தங்கச்சியோடு பேசுவாள்.

ஜன்னலை ஒட்டிய பீரோவில் ஒரு புதுப் போன் இருந்தது. ஊருக்கு 5ஜி வந்ததும் எடுக்கலாம் என்று அதை ஆசையாக வாங்கி, டப்பாவோடு வைத்திருந்தாள்.

"நான் வந்துட்டா இந்தக் கத்தலே இருக்காது. அப்புறம் உனக்கு இந்த டப்பாதான்" என்றது புதுசு.

"டப்பா மெத்துனு இருக்குமா?" என்று கேட்டது பழசு.

"இருக்கும்."

"அப்ப சரி. எனக்கும் காது வலிக்குது."

ஆடி மாதம் 5ஜி வந்தது. மேல் பிளாஸ்டிக்கைக்கூட உரிக்காமல் புதுசை வெளியே எடுத்தாள். பழசு அதன் டப்பாவுக்குள் போனது. சமையலறை, மாடிப்படி, எங்கே நின்றாலும் சிக்னல் முழுசாக இருந்தது. மேகலா தங்கச்சிக்குப் போன் போட்டாள். போட்ட கையோடு ஜன்னலுக்கு நடந்து, கம்பியில் முகத்தைப் பதித்தாள்.

"கேக்குதா? கேக்குதா?"

புதுசுக்குக் காது அடைத்துப்போனது.

பீரோவுக்குள் பழசு சுகமாகச் சாய்ந்துகொண்டு, "நல்லாவே கேக்குது" என்றது.